பதினைந்து வருஷமும் ஒரு செவ்வாய்க்கிழமையும்

அன்பு மகன் இல்ஹாமுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். லண்டன் குளிரில் நீ உடம்பு சுகத்தோடு இருக்க அல்லாஹ் அருள்புரியட்டும். இங்கே பினாங்கில் எல்லோரும் சுகம் என்று சொல்லித்தான் பழக்கம், இந்த முறை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போனில் பேசினால் வாப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், நீயும் சிரித்தே மழுப்பிவிடுகிறாய், அதனால்தான் கூரியரில் கடிதம் அனுப்புகிறேன். உன் மேல் எனக்குக் கடுங்கோபம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உலகம் இன்னும் நாற்பது வருஷத்தில் எப்படி இருக்கும் என்று கணித்துச் சொல்வது உன் வேலை, சரி. ரமலானுக்கு முன்னால் நீ எழுதிய கட்டுரையை உன் தங்கச்சி இமான் தமிழில் சொல்லச் சொல்ல, உன் வாப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கேட்டார். உலகத்தின் வருமானம் நாலு மடங்காகும், ஏழை நாடு என்று ஒன்று இருக்காது, பாதி வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்ளும், பதினைந்து வருஷத்தில் ஆய்வுக்கூடத்திலேயே புதுக் கிட்னி வளர்த்துக் கொடுப்பார்கள், டயாலிசிஸ் பழங்கதையாகிவிடும். நானும் பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன், அந்தத் தப்பை ஒத்துக்கொள்கிறேன். வாப்பா அதை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, நம் நாசி கண்டார் சோற்றுக் கடையில் கல்லாவுக்கு மேலே ஒட்டிவிட்டார். ஒட்டுவதற்கு முன்னால் என்ன செய்தார் தெரியுமா, நாளை நடப்பதைப் பற்றி இவ்வளவு எழுதியவன் ஓர் இடத்தில்கூட அல்லாஹ் நாடினால், இன்ஷா அல்லாஹ், என்று சொல்லவில்லையே என்று, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பேனாவால் தன் கையாலேயே எழுதிச் சேர்த்தார். அன்றோடு உன் கணக்கு அவருக்கு அல்லாஹ்விடம் கேட்கும் துஆவாகிவிட்டது.

இப்போது கேள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், அதை உடைக்கிறேன். வாப்பாவின் கிட்னி இரண்டும் கெட்டுவிட்டன. டயாலிசிஸுக்குக் கை நரம்பில் ஒரு ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் ரமணி போன மாதமே தேதி கொடுத்தார். அன்று காலையில் இவர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கடைக்குப் போய் மீன் கறி தாளித்துக்கொண்டிருந்தார். கேட்டால், "பதினஞ்சு வருஷத்துல புதுசே வரப்போகுதுலா, அதுக்குள்ள எதுக்குக் கையக் கிழிக்கணும், என் மகன் எழுதியிருக்கான், அவன் கணக்கு தப்பாது" என்கிறார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்படியே விட்டா அடுத்த வருஷத்தப் பத்தி என்னால பேச முடியாது ஆன்ட்டி" என்றார். அதுவும் கணிப்புதான், அதற்கு யாரும் பிளாஸ்டிக் உறை போடவில்லை. அவருக்குப் பயம், எனக்குத் தெரியும். டயாலிசிஸ் மெஷினில் படுத்திருந்த பக்கத்துக் கடை ஜெயராஜ் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்தப் பயத்துக்கு நீ ஒரு சாக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

எனக்கு எதுவும் தெரியாதே உம்மா என்பாய். அதுதான் எனக்கு ஆத்திரம். நாற்பது வருஷம் தள்ளி நடப்பது தெரிகிறவனுக்கு, வாரம் தவறாமல் பேசியும் வாப்பாவின் குரல் இளைத்தது தெரியவில்லை. உலகம் நன்றாக இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது. இமானுக்கு இது ஏழாம் மாதம், நீ சொல்லும் நல்ல காலமெல்லாம் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கட்டும். முதலில் அதைத் தூக்கிக் காதில் பாங்கு சொல்ல அதன் நன்னா, உன் வாப்பா, உயிரோடு இருக்க வேண்டும்.

என் பேச்சு எடுபடவில்லை, டாக்டர் பேச்சும் எடுபடவில்லை. உன்னைத்தான் நம்புகிறார். அதனால் நீயே அவருக்கு எழுது. சதவீதம், வரைபடம் எதுவும் வேண்டாம். பதினைந்து வருஷம் என்றது நிச்சயமில்லை வாப்பா, எனக்குத் தெரியாது, ஆபரேஷனுக்குப் போங்கள் என்று எழுது. தெரியாது என்று எழுதுவதால் உன் படிப்பு குறைந்துவிடாது.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. கோபத்தில் எழுதினாலும் என் துஆ முழுக்க உனக்குத்தான். புதுத் தேதி வரும் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி. அந்தத் தேதியைப் போட்டு, பக்கத்தில் இன்ஷா அல்லாஹ் என்று உன் கையாலேயே எழுது. இந்த ஒரு வரியிலாவது அதை வாப்பா எழுதிச் சேர்க்கும்படி வைத்துவிடாதே.

உன் உம்மா,
நூர்ஜான்