சத்தம் குறைந்த மிசின்

8 யூலை, செவ்வாய்

விடியவே கச்சான் காற்று. உள்துறைமுகப் பக்கமிருந்து நேராக முன்விறாந்தைக்குள். நிலத்தில் கால் வைத்தால் மணல் நறநற. யன்னல் கம்பி துடைத்த துணியில் துருவும் உப்பும்.

மாமி மூச்சிழுப்புக்கு அடிக்கிற பம்ப் முடியப் போகிறது, வாங்க வேணும். தேங்காய். திரைச்சீலை தோய்க்க.

பத்து மணிக்கு வெக்கூம் மிசின். மாமிக்கு இழுப்பு. கூட்டினால் தூசி எழும்பும், கூடாது என்று டொக்டர் சொன்ன பிறகு கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பினது. சுவிச்சைப் போட்டால் வீடே அலறும். மாமி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பா. அந்த நேரம்தான் எனக்குப் போனில் கதைக்கிற நேரம். வவுனியாவில் இருக்கிற அக்காவோடு. மற்ற நேரம் யாரோடு கதைத்தாலும் "ஆர் பிள்ளை அது?" என்று மாமி பக்கத்தில் வந்து இருந்துவிடுவா. ஒட்டுக்கேட்கிறது இல்லை. பகிரங்கமாகவே கேட்பா.

இவர் கட்டாரிலிருந்து எடுப்பதும் ஸ்பீக்கரில்தான். நடுவில் மாமி. லீவுக்கு வந்து நின்ற நாட்களை விட்டால், கட்டின புருசனோடு தனியாகக் கதைத்த நினைவே இல்லை.

மாமி கெட்டவ என்று எழுத ஏலாது. மீனில் நடுத்துண்டை எனக்கு எடுத்து வைப்பா. ஒரு நாள் திட்டினது இல்லை. திட்டினால் நானும் ஏதாவது சொல்லலாம்.

இன்று அக்காவுக்குச் சொல்லிவிட்டேன். உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதி. வரவேற்பு மேசைக்கு ஆள் தேவையாம். கலியாணத்துக்கு முதல் நான் செய்த அதே வேலை. நாளைக்கு அந்த மனேஜர் அம்மா போன் எடுப்பா.

"மாமிக்குச் சொன்னனியோ?"

"இல்லை."

"அவருக்கு?"

"ஸ்பீக்கரிலையோ அக்கா சொல்லுறது?"

அக்கா சிரித்தா. நானும். சிரித்து முடிய மிசினை நிற்பாட்டினேன்.


9 யூலை, புதன்

எழுதவே பயம். சிரிப்பும் வருகிறது.

ஒரு கிழமையாக மிசினில் கீச்சென்று ஒரு புதுச் சத்தம். இரும்பை இரும்பால் தேய்க்கிற மாதிரி. எனக்கு நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

மனேஜர் அம்மா சொன்ன நேரத்துக்கு எடுத்தா. நான் குசினியும் ஹோலும் சேரும் மூலையில், ஒரு கையில் குழாய், ஒரு கையில் போன். எங்கே வேலை செய்தது, சிங்களம் கதைப்பேனோ, ஏன் விட்டது. எல்லாம் கத்திக் கத்திச் சொன்னேன். அங்கே என்ன சத்தம் என்று கேட்டா. வீடு துப்புரவாக்கிறன் மெடம் என்றேன். "அப்ப திங்கக்கிழமை காலமை நேரிலை வாங்கோ." அந்த நேரம் மிசினுக்குள் ஒரு பொறி. எரிந்த மணம். சத்தம் அப்படியே நின்றது.

நிற்கவில்லை என் வாய்.

"ஓம் மெடம், திங்கக்கிழமை கட்டாயம் வாறன்!"

வீடு முழுக்கக் கேட்டது. தெருவுக்கும் கேட்டிருக்கும்.

மாமியின் கதவு திறந்தது. "திங்கக்கிழமை எங்கை பிள்ளை போறீர்?"

"பல்லுக் காட்ட, மாமி."

"ஐயோ, சொல்லேல்லையே. எனக்கும் கடைவாய்ப் பல்லொண்டு ஆடுது. நானும் வாறன்."

ஆயிற்று.


10 யூலை, வியாழன்

காற்று குறையவில்லை. தும்புத்தடியால் மெல்லமாய்க் கூட்டினேன். மூன்று கதிரைக்குக் கீழே கூட்டுவதற்குள் மாமி இருமத் தொடங்கினா. ஈரத்துணியால் துடைத்தேன். நிலத்தில் வெள்ளை வெள்ளையாய்க் கோடு.

அக்கா இரண்டு தரம் எடுத்தா. நான் எடுக்கவில்லை. குளிக்கிற அறைக்குள் போனைக் கொண்டுபோனேன், சிக்னல் இல்லை. கடைக்குப் போகிறேன் என்றேன், மாமி செருப்பைப் போட்டுக்கொண்டா: "காலாற நடக்க வேணுமெண்டு டொக்டர் சொன்னவர்." கேற்றடியில், ஊருக்குள் திரிகிற மான் இரண்டு நின்று எங்களையே பார்த்தன. மாமி அதுகளோடும் கதைத்தா.

பின்னேரம் ஸ்பீக்கரில் இவர்.

"மிசின் பழுதெண்டால் விடுமன். எல்லாரும் மிசினாலையோ கூட்டினம்?"

நான் பேசுமுன் மாமி சொன்னா: "எனக்கு இழுக்குது தம்பி. பழுது பாக்க ஆளைக் கூப்பிடச் சொல்லு."

"அப்ப கூப்பிடுங்கோ அம்மா."

நான் கேட்டிருந்தால் "பிறகு பாப்பம்" என்றிருப்பார்.

பல்லு விசயத்தை மாமி சொல்ல, "ரெண்டு பேருமாப் போயிட்டு வாங்கோ, நல்லம்" என்றார்.


11 யூலை, வெள்ளி

மிசின் பார்க்க நியாஸ் என்பவர் வந்தார். மூதூர் ஆள். எங்கள் வயதுக்காரர்தான், இடுப்பில் வார் போட்ட ஒரு பை, பேச்சை நிறுத்தமாட்டார். ஹோலில் பேப்பர் விரித்து அதன் மேல் மிசினைக் கழற்றிப் போட்டார். மாமி கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில்.

மோட்டரைச் சுற்றி மாவு தூவின மாதிரி வெள்ளை. செம்புக் கம்பியில் பச்சை.

"தூசி எண்டு நெனச்சீங்களா? உப்பு தங்கச்சி. கடலப் பாத்த வீடுகள்ல இதான் கத. எங்க வெக்கிறீங்க இத?"

"பின் விறாந்தையிலை. யன்னலுக்குக் கீழை."

"அங்க வெக்காதீங்க. உள்ளுக்கு, காத்துப் படாத எடமா வையுங்க. பொலித்தீன் போட்டு மூடவும் வேணாம், ஈரம் உள்ளுக்கே நிண்டிரும். சீலத்துணி போதும். பில்டரக் கழுவினா நல்லாக் காய விட்டுத்தான் போடணும். அரைக் காச்சலோட போட்டா உப்புத் தண்ணி மோட்டருக்குள்ள போற மாதிரித்தான்."

நான் பில்டரைக் கழுவினால் உதறிவிட்டு உடனே போடுகிறவள். பத்து மணி தவறக்கூடாதே.

சுழலுகிற தண்டின் பெயரிங் துருப்பிடித்துவிட்டதாம். அதுதான் அந்தக் கீச்சு. மோட்டருக்குக் கரண்ட் குடுக்கிற காபன் துண்டுகளும் தேய்ந்து முடிந்ததாம். ரவுண் கடையில் வாங்கிக்கொண்டு நாளைக்கு வருவார்.

மாமி அவருடைய குடும்பம் முழுக்க விசாரித்தா. மனுசி பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாவாம்.

"அப்ப வீட்டை ஆர் பாக்கிறது?"

"உம்மா இருக்கிறாங்க. சில நாள் ஒருத்தரும் இல்ல. பூட்டிட்டுப் போற."

மாமிக்கு அது விளங்கவேயில்லை. அவர் போன பிறகும் "பூட்டிப்போட்டோ?" என்று என்னைக் கேட்டா.

இந்த வீட்டுக் கேற்றை நான் ஒருநாளும் வெளியிலிருந்து பூட்டினது இல்லை.


12 யூலை, சனி

திரைச்சீலை தோய்த்தாயிற்று. பம்ப் இன்னும் வாங்கவில்லை!

நியாஸ் வந்து மிசினைத் திரும்பப் பூட்டி முடித்தார். "போடுங்க தங்கச்சி."

போட்டேன். உம்ம் என்று ஒரு சத்தம். பெரிய காற்றாடி சுற்றுகிற அளவு. அவ்வளவுதான். வேலை செய்கிறதோ என்று குழாய் வாயில் கையை வைத்துப் பார்த்தேன். கையைப் பிடித்து இழுத்தது.

"சத்தம் இவ்வளவுதானோ?"

"இதான் இந்த மிசின்ட சத்தம். நீங்க இவ்வளவு நாளும் கேட்டது வருத்தக்காரன் கத்தினது."

"முந்தி மாதிரி... கொஞ்சம் கூட வராதோ?"

அவர் என்னைப் பார்த்தார். பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டு ஆயுதங்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டார்.

மாமிக்குச் சரியான சந்தோசம். கதவைச் சாத்தவில்லை. ஹோலில் இருந்துகொண்டே காலைத் தூக்கித் தந்தா, நான் கீழே மிசினை இழுத்தேன். "இனி ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டே செய்யலாம் பிள்ளை. முந்தி அந்த நேரம் அறைக்குள்ளை தனியக் கிடந்து விசர் பிடிக்கும்."

மாமிக்கு அது தனிமையான நேரம். எனக்கு அது ஒன்றுதான்... சரி.

தலையிடி.


13 யூலை, ஞாயிறு

கோயில். வெயில். மாமி நாளைக்கு உடுக்க நீலச்சேலை எடுத்து வைத்தா. எந்த டொக்டர், எத்தனையாம் நம்பர் என்று கேட்டுக்கொண்டே இருந்தா. ஒவ்வொரு கேள்விக்கும் இன்னொரு பொய். மத்தியானத்துக்குப் பிறகு பொய்யும் முடிந்துவிட்டது.

பின்னேரம் இவர் எடுத்தார். ஸ்பீக்கர். மாமி பல்லு டொக்டர் கதையைத் தொடங்க, நான் சொன்னேன்:

"நாளைக்குப் பல்லுக்கில்லை. உப்புவெளியிலை ஒரு வேலைக்கு வரச் சொல்லியிருக்கினம். நான் போறன்."

என் குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது.

அவர்: "என்ன வேலை? ஏன் இப்ப? நான் அனுப்புறது காணாதோ?"

"காணும்."

"பின்னை?"

பின்னை என்ன என்று ஸ்பீக்கரில் எப்படிச் சொல்வது.

"அம்மாவை ஆர் பாக்கிறது சாந்தினி? நாளைக்குப் போக வேண்டாம். பிறகு கதைப்பம்."

மாமி நீலச்சேலையை மடித்து அலுமாரிக்குள் திரும்ப வைத்தா.


14 யூலை, திங்கள்

உடுத்து வெளிக்கிட்டுக் கைப்பையும் தோளில். மாமிக்கு இழுப்பு. உதடு வெளிறி, கட்டிலில் கையை ஊன்றிக்கொண்டு. பம்பை அடித்தால் காற்றுத்தான் வந்தது. நான்தான் வாங்கவில்லை. ஓட்டோ பிடித்து பாமசிக்கு ஓடினேன்.

உண்மையான இழுப்போ என்று ஓட்டோவுக்குள் யோசித்தேன். அப்படி யோசித்ததற்கு வெட்கப்பட்டேன். பிறகும் யோசித்தேன்.

புதுப் பம்ப் இரண்டு தரம். இழுப்பு தணிந்தது. போக வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. கட்டில் விளிம்பில் மாமிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே மனேஜர் அம்மாவுக்கு எடுத்தேன். எழும்பி வேறு இடத்துக்குப் போகவில்லை.

"மெடம், மாமிக்குச் சுகமில்லை. இண்டைக்கு வர ஏலாமல் போச்சு. வேலை எனக்குத் தேவை. நாளைக்கு வரலாமோ?"

"நாளைக்குப் பின்னேரம் வாங்கோ. அதுக்குமேலை நான் வேறை ஆளைப் பாப்பன்."

மாமி எல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தா. "கஞ்சி காய்ச்சுவமோ" என்றா.

இவர் எடுத்தார். மாமி படுத்திருந்ததால் முதல் தரம் ஸ்பீக்கர் இல்லாமல் கதைத்தோம். "நாளைக்கும் போறன்" என்றேன். வைத்துவிட்டார்.


15 யூலை, செவ்வாய்

காற்று விட்டிருக்கிறது. ஒரு கரைச்சலும் இல்லாமல் பஸ். பக்கத்து வீட்டு அன்ரியை மாமியோடு இருக்கச் சொல்லிவிட்டுப் போனேன்.

மனேஜர் அம்மா நான் நினைத்ததைவிட இளம் ஆள். ஒரு மேசை, கடல் பார்த்த யன்னல், கம்பியெல்லாம் துரு. கடைசியாகக் கேட்டா:

"வீட்டிலை சம்மதமோ?"

"சொல்லிப்போட்டன், மெடம்."

அவ என் பெயரைக் கொப்பியில் எழுதினா. முதலாம் திகதியிலிருந்து வரச் சொன்னா.

திரும்பி வர மாமி குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தா. தலை நிமிரவில்லை.

"கிடைச்சிட்டுதோ?"

"ஓம் மாமி."

"மத்தியானச் சாப்பாடு அங்கை தருவினமோ?"

"தருவினம்."

"அப்ப இனி எனக்கு மட்டும்தான் சமைக்க வேணும்" என்றா. கோபமோ கவலையோ, எனக்குப் பிடிபடவில்லை. மிச்ச வெங்காயத்தை வாங்கி நான் உரித்தேன்.