முன் பிரேக் கேபிள்

பிப்ரவரி 8, ஞாயிறு

காலையில் பனி. ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று. புதன்கிழமை கோழிப் பண்ணைக்குப் புதுத் தீவனத் தொட்டி வருகிறது, ஷெட்டைக் காலி செய்தாக வேண்டும்.

வெளியே வந்தவை: கிழிந்த சாக்கு, உடைந்த முட்டை அட்டைகள், எலிக்கூடு மூன்று. கடைசியில், சுவரோரம் தார்ப்பாய்க்கு அடியில், என் பழைய பைக்.

காவ்யாதான் தார்ப்பாயை இழுத்தாள். "ஏப்பா, இத்தன நல்ல வண்டியவா இப்படிப் போட்டு வெச்சிருக்கீங்க? ரெடி பண்ணிக் குடுங்க, ஸ்கூட்டிக்குப் பதிலா இதையே காலேஜுக்கு ஓட்டிட்டுப் போறேன்."

பழைய இரும்புக்குப் போடப் போகிறேன் என்றேன்.

"பாக்காமயே எப்படிச் சொல்றீங்க?"

தார்ப்பாயை மடித்து வைத்தேன். மகளிடம் எப்படிச் சொல்வது. பதினோரு வருஷத்துக்கு முன் அக்கா வீட்டுக்காரர் இந்த வண்டியை இரவல் வாங்கிப் போய், பனமரத்துப்பட்டி ஏரி வளைவில் விழுந்தார். இடது முட்டி இன்றும் மடங்காது. அதற்கு முந்தின நாள் முன் பிரேக் கேபிளை மாற்றிப் போட்டவன் நான். மெக்கானிக்கிடம் போகச் சோம்பல், நானே போட்டேன். யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

முட்டை லோடு இரண்டு மணி நேரம் தாமதம். மதியச் சாப்பாடு மூன்றரைக்கு.

காவ்யா என்னைக் கேட்காமலேயே மெக்கானிக் சண்முகத்துக்குப் போன் செய்துவிட்டாள். நாளை வருகிறாராம். திட்ட வாயெடுத்தேன். எதைச் சொல்லித் திட்டுவது?

பிப்ரவரி 10, செவ்வாய்

சண்முகம் பத்து மணிக்கு வந்தார். ஒவ்வொன்றாகச் சொல்ல, காவ்யா எழுதிக்கொண்டாள். பிஸ்டன் ஜாம். டேங்கில் ஓட்டை. வயர் முழுக்க எலி தின்றிருக்கிறது. கார்ப்பரேட்டர் மாற்ற வேண்டும். சேஸ் சட்டம் மட்டும் நேராக இருக்கிறது.

பிறகு முன் சக்கரத்துக்கு வந்தார். நான் சற்றுத் தள்ளி நின்றேன். கேபிளில் எண்ணெய் விட்டு, பத்து நிமிஷம் விட்டு, சக்கரத்தைச் சுற்றி லிவரைப் பிடித்தார். டக்கென்று நின்றது.

"கேபிள் யாருங்க போட்டது?"

"நான்தான்."

"நல்லாப் போட்டிருக்கீங்க. நட்டு ஒரு நூல்கூட அசையல. பிரேக் கட்டை புதுசாட்டவே இருக்குது."

விழுந்த அன்று பிடிக்காமல் போயிருக்குமா என்று கேட்டேன்.

"இதா? பிடிக்காம போறதுக்கு இதுல ஒண்ணுமில்லீங்க."

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் முகம் கழுவினேன். இரண்டு தரம். திரும்பி வந்தால் சண்முகம் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். "செய்யலாமுங்க. ஆனா நாளாகும். உங்க ஆசையப் பொறுத்துது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 11, புதன்

தொட்டி வந்து இறங்கியது. மூடி ஒரு பக்கம் நசுங்கல். கொண்டுவந்தவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

மதியம் மாமாவைப் பார்க்கப் போனேன். அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மாமா காலை நீட்டியபடி நாற்காலியில், நிலக்கடலை உரித்துக்கொண்டு. உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேபிள் மாற்றியது, இத்தனை வருஷம் பயந்தது, நேற்று சண்முகம் சொன்னது.

அவர் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"பிரேக்கா? நான் எங்க மாப்ள பிரேக்கப் பிடிச்சேன்? செல்போனத் தோள்ல இடுக்கிப் பேசீட்டு வந்தேன். வளைவே கண்ணுல படல."

நான் அவர் முட்டியைப் பார்த்தேன்.

"இதைப் போய் இத்தன வருசமா வெச்சிட்டிருந்தயா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல." கடலை ஒன்றை உரித்து என்னிடம் நீட்டி, மெதுவாக: "நானும் சொல்லியிருக்கோணும். உங்க அக்கா போன் பேசீட்டு ஓட்டாதீங்கன்னு தெனமும் சொல்லுவா. அவகிட்டச் சொல்லீராத. காலு போனதுக்கு வையல, இதுக்கு வைவா."

கோபம் வர வேண்டும். வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது, கண்ணில் தண்ணீரோடு. அவரும் சிரித்தார்.

வண்டியை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். பழைய இரும்புக்கு என்றேன்.

"அட, தப்பு எம்மேல. அது என்ன பண்ணுச்சு, பாவம்."

அக்கா வந்தாள். என்ன சிரிப்பு என்றாள். கடலை சொத்தை என்றார் மாமா. இரண்டு டம்ளர் மோர். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

சண்முகத்துக்குப் போன். செய்யுங்கள் என்றேன். எத்தனை நாளானாலும் சரி.

காவ்யாவிடம் முழுக்கச் சொன்னேன், மாமா போன் பேசியது தவிர. கேட்டுவிட்டு, எனக்கு இன்னொரு தோசை வைத்தாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

முட்டை வண்டியில் பைக்கை ஏற்றிச் சண்முகம் பட்டறைக்கு அனுப்பியாயிற்று. ஷெட் பெரிதாகத் தெரிகிறது.

சாயங்காலம் காவ்யா ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள், பின் பிரேக் லூஸ் என்று. பட்டறைக்கு எடுத்துப் போ என்று சொல்ல இருந்தேன். அந்த விபத்துக்குப் பிறகு நான் எந்த வண்டியிலும் ஸ்பேனர் வைத்ததில்லை, சைக்கிள் உட்பட.

"பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடுத்துட்டு வா" என்றேன்.

நாலு சுற்று இறுக்கினேன். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, சரியாக இருக்கிறது என்றாள். நான் மறுபடி குனிந்து பார்க்கவில்லை. கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போனேன்.