ஆனைச் சேதிக்குக் கீழே வந்த நன்றிகள்

மாப்பிள்ளைக்கு,

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று அன்றைக்கே சொன்னவன் நான். ஆளுக்கொரு போன் வரும், ஊரே ஒரே நேரத்தில் பேசும், கடைசியில் ஒருத்தன் சொல்வது இன்னொருத்தன் காதில் ஏறாது என்று உன் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து கையை நீட்டிச் சொன்னேன். அப்போது நம் பக்கத்துக்கு லேண்ட்லைனே ஒழுங்காக வந்து சேரவில்லை. இப்போது பார், இதை எழுதும்போதுகூட சட்டைப்பையில் போன் கிடந்து துடிக்கிறது. எடுத்துப் பார்த்தால் ரோசாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம். மத்தியானச் சோறே தின்றாகிவிட்டது.

அந்தத் துடிப்பு நெஞ்சில் படும்போதெல்லாம் உன் ஞாபகம்தான் வருகிறது. உன் போன் இப்படித் துடிக்காது. ஒரு தடவை அடிக்கும், நாலு சொல் வரும், கட்டாகிவிடும்.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் கடைசித் தென்னந்தோப்பு உன்னுடையது. அதற்குக் கீழே என்னுடையது. ஆனை இறங்கினால் முதலில் உனக்குத்தான் தெரியும். நீ எனக்கு மட்டும் சொல்வாய். நான் எனக்குக் கீழ்த்தோட்டத்துக்காரருக்குச் சொல்வேன், அவர் அடுத்தவருக்கு. ஆள் ஒருத்தருக்கு ஒருத்தர்தான்.

"மாப்ள, ஆனை எறங்கிருச்சு. பாலத்துத்தடம் வேண்டாம்." அவ்வளவுதான், வைத்துவிடுவாய்.

ஒரு தடவை எனக்குக் கோபமே வந்துபோட்டது. "ஏப்பா, சாப்பிட்டயான்னு ஒரு வார்த்தை கேக்கப்படாதா? நானென்ன வழியில போறவனா?" என்று சண்டைக்கு வந்தேன்.

"ஆனை வந்தா ஆனையத்தான் சொல்லோணும். சாப்பாட்ட நாளைக்குக் கேட்டுக்கறேன்" என்றாய். சொன்னபடியே மறுநாள் காலையில் வந்து கேட்டாய், என் வீட்டு இட்லியைத் தின்றுகொண்டே.

என் மகளைப் பெண் பார்க்க வந்தார்களே, அந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒறம்பரைச் சனம் ஒரு வேன் நிறைய வந்துகொண்டிருந்தது. உன் நாலு சொல் வந்ததும் வேனைக் கோயில் தடத்தில் திருப்பிவிட்டேன். வந்து இறங்கியவர்கள் எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள். "ஆனை வாசம் ஒரு மைலுக்கு அந்தண்ட வந்தாலே என்ற மூக்குக்குத் தெரிஞ்சுபோடுமுங்க" என்றேன். நீ பந்தி ஓரத்தில் நின்று, "ஆமாங்க, இவனோட மூக்கு அப்படிங்க" என்று முகம் மாறாமல் சொன்னாய். சம்பந்தம் முடிந்ததே அந்த மூக்கினால்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனைக்கென்று வாட்சப் குரூப் ஆரம்பித்தவனும் நான்தான். கோயமுத்தூர் ஜில்லாவிலேயே அதுதான் முதல் குரூப். கலெக்டர் ஆபீசில் அதைப் பார்த்துத்தான் மற்ற குரூப்பெல்லாம் ஆரம்பித்தார்கள் என்று கேள்வி. எட்டாவதில் என்னை நிறுத்திய வாத்தியார் இருந்திருந்தால் அவரையும் சேர்த்திருப்பேன். நீ மட்டும் பட்டன் போனோடு நின்றுகொண்டாய். "அத்தனை பேரு பேசற எடத்துல, கண்ணுல பாத்தவன் எவன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?" என்று கேட்டாய். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

நம் ஊர் மரியாதை உனக்குத் தெரியாததா? ஒருத்தர் சேதி சொன்னால், கேட்டவர் வாயைத் திறக்காமல் இருப்பது பெரிய குற்றம். ஆனை வந்தது என்று ஒருவர் போட்டால், அதன் கீழே எல்லோரும் வரிசையாக "நன்றிங்க", "சரிங்க", "பத்திரமுங்க", "நல்ல தகவலுங்க" என்று போடுவார்கள். கும்பிடுகிற கைகள் தனி. ஒருத்தர் நன்றி சொல்ல மறந்துவிட்டார் என்று, சேதி போட்டவர் அவரைக் கல்யாணத்தில் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பயந்து இன்னும் நாலு நன்றி கூடிவிட்டது. மரியாதை கீழே சேரச் சேர, ஆனை எங்கேயோ மேலே போய்விடும்.

நீ போய்ச் சேர்ந்து இரண்டு மழை ஆயிற்று. போன ஐப்பசியில், மழை விட்டுப் பொழுது சாய்கிற நேரத்தில் தங்கச்சி கூப்பிட்டாள். உன் தோட்டத்துச் சாளை வீட்டில் இப்போது அவளும் உன் மகளும்தான்.

"ஏனுங்ணா, அம்மணி வேலை முடிஞ்சு வந்துட்டு பேக்கரி முக்குல நிக்கறா. ஆனை பாலத்துகிட்டயா, கோயிலுகிட்டயா? எந்தத் தடத்துல வரச் சொல்லட்டும்?"

"இரு கண்ணு, பாத்துச் சொல்றேன்" என்று குரூப்பைத் திறந்தேன். பாலத்துகிட்ட ஒத்தை ஆனை என்று ஒரு சேதி. அதன்கீழே நன்றிகள். நடுவில் ஒரு காதுகுத்துப் பத்திரிகை. பிறகு கேரளாவில் ஆனை பஸ்ஸை மறிக்கிற வீடியோ. அதற்கும் நன்றி. பிறகு கோயில்கிட்ட ஆனை என்று இன்னொரு சேதி. அது போன வருசத்துச் சேதி என்று பின்னால்தான் தெரிந்தது. "எந்தக் கோயிலுங்க?" என்று ஒருவர். "எல்லாம் அவன் செயலுங்க" என்று இன்னொருவர்.

"அண்ணா, இருட்டுதுங்ணா. அப்பறம் எந்தத் தடத்துலயும் வர முடியாது. அவ அங்க தனியா நிக்கறா" என்றாள் தங்கச்சி.

நான் அசரவில்லை. குரூப்பை மூடினேன். உன்னை நினைத்துக்கொண்டேன். பாலத்தை ஒட்டி வாழை போட்டிருக்கிற பெரியவருக்கு நேரே ஒரு போன்.

"நீங்க கண்ணுல பாத்தீங்களா?"

"இப்பவும் பாத்துட்டுத்தான் இருக்கறனுங்க. பாலத்துகிட்ட என்ற வாழையத் தின்னுட்டு நிக்குதுங்க. ஒறம்பரை சௌக்கியமுங்களா?"

பதில் சொல்லாமலே கட் செய்தாயிற்று. பெரியவருக்கு அதில் இன்னும் வருத்தம்.

அம்மணி கோயில் தடத்தில் வந்தாள். நான் டார்ச்சோடு எதிரே போய் நின்றேன். தூரத்தில், பாலத்தோரம் ஓடைக்கு அந்தக் கரையில் ஆனை நின்று என்னை ஒரு பார்வை பார்த்தது. நானும் பார்த்தேன். அதுதான் முதலில் திரும்பிக்கொண்டது. ஸ்கூட்டரை நிறுத்திய அம்மணி, "மாமா, உங்களுக்குத் தேங்காய் பன் வாங்கிட்டு வந்தனுங்க" என்றாள். உன் கண், உன் பல்வரிசை.

வேறு யாருக்கு எழுதியிருந்தாலும் இதோடு கையெழுத்துப் போட்டிருப்பேன். உனக்கு அப்படி எழுதி முடிக்க மனசு ஒப்பவில்லை. பெரியவருக்குப் போன் போட்டது நான் இல்லை மாப்ள. அந்த நேரத்தில் நான் குரூப்பில் "எந்தப் பாலமுங்க?" என்று தட்டிக்கொண்டிருந்தேன். தங்கச்சி என்னை நம்பிப் பிரயோசனமில்லை என்று பாதிப் பேச்சில் வைத்துவிட்டு, அவளே அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். அம்மணிக்குச் சொல்லிவிட்டு, திரும்ப என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, கோயில் தடம். எதுக்கால போங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

அன்றையிலிருந்து ஆனை இறங்கினால் அவள் எனக்கு மட்டும்தான் சொல்கிறாள். நான் கீழ்த்தோட்டத்துக்குச் சொல்கிறேன்.