வெள்ளிக்கிழமைகளுக்குப் போட்ட பூச்சியம்

என்ர ஜெனி, என்ர தங்க மச்சாள்,

நீ போய் ஒரு வருசம் ஆகப்போகுது. நினைவு மலருக்கு நான் ஒரு பக்கம் எழுத வேணுமாம். உன்ர அண்ணா, என்ர மனுசன்தான் கேட்டவர். "நீதானே அவளுக்கு எல்லாம் பார்த்துக் குடுத்தனி, நீ எழுதினாத்தான் வடிவு" எண்டார். ஓம் எண்டு தலையாட்டிப்போட்டுக் குசினிக்குள்ள போய், ஒண்டும் இல்லாத சட்டியைக் கிண்டிக்கொண்டு நிண்டனான்.

முப்பத்தோராம் நாள் பூசை முடியக் குடுத்த மலரிலயும் இதே கதைதான். உன்ர படத்துக்குக் கீழ, "வங்கியில் பணிபுரியும் மச்சாளின் வழிகாட்டலில் நிதியையும் புள்ளிவிபரத்தையும் தமிழில் கற்பித்தவள்" எண்டு அச்சடிச்சிருந்தது. வந்த சனமெல்லாம் என்ர கையைப் பிடிச்சு, "நீ இருந்தபடியாத்தான் பிள்ளை அவள் இவ்வளவு செய்தவள்" எண்டு அழுதினம். நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிண்டன். ஒரு சொல் மறுத்துச் சொல்லேல்ல. இப்ப சொல்லப்போறன். நீ கேள், இதை வாசிக்கிற மற்ற ஆக்களும் கேக்கட்டும்.

நான் உன்ர ஒரு வீடியோவையும் பார்க்கேல்ல, ஜெனி.

இருபத்தொரு வீடியோ போட்டனி. ஒவ்வொண்டையும் போட முந்தி எனக்கு அனுப்புவாய். "மச்சாள், ஒருக்காப் பார்த்துப் பிழை இருந்தாச் சொல்லுங்கோ. நீங்கள் சரி எண்டாத்தான் போடுவன்." நான் பாங்க் கவுண்டருக்குப் பின்னால இருந்துகொண்டு, "பார்த்தனான், நல்லாயிருக்கு, போடு" எண்டு வொய்ஸ் அனுப்புவன். உடனயும் அனுப்ப மாட்டன். கள்ளம் பிடிபட்டிடும் எண்டு ஒரு நாள் பொறுத்துத்தான் அனுப்புவன். ஒருக்கா ஏதும் சொல்லாட்டி நம்ப மாட்டாய் எண்டு, "வெளிச்சம் கொஞ்சம் காணாது" எண்டும் சொன்னனான். பார்க்காத வீடியோவுக்கு வெளிச்சம் காணாதாம்! நீ அடுத்த நாளே டவுனுக்குப் போய் ஒரு லைட் வாங்கிக்கொண்டு வந்தனி. என்ன விலை எண்டு கேட்டதுக்கு, "மச்சாள் சொன்னா வாங்கத்தானே வேணும்" எண்டனி.

ஏன் பார்க்கேல்ல? நேரமில்லை எண்டு சொல்லலாம். அதுவும் பொய். எனக்கு எரிச்சல், அவ்வளவுதான். நான் கம்பஸ் போய்ப் படிச்சவள். நீ ஏ.எல் முடிச்சுப்போட்டுப் புடவைக் கடையில பில் போட்டவள். வெடிச்ச கண்ணாடியோட ஒரு போனை வச்சுக்கொண்டு, ஆரோ வெள்ளைக்காரன் படபடவெண்டு கதைக்கிற வீடியோவை நிப்பாட்டி நிப்பாட்டிக் கொப்பியில எழுதிப் படிச்சனி. பிறகு ஒரு பழைய லப்டொப்பை வாங்கி, சராசரி எண்டா என்ன, வட்டி எப்பிடி ஏறுது, அதையெல்லாம் புரோகிராம் எழுதிக் கணக்குப் பார்க்கிறது எப்பிடி எண்டு தமிழில சொல்லிக் குடுக்க வெளிக்கிட்டனி. இவள் ஆர் எனக்குப் படிப்பிக்க எண்டு எனக்கு உள்ளுக்குள்ள பத்திச்சு. "உனக்கு வேற வேலை இல்லையே?" எண்டு முகத்துக்கு நேரயே கேட்டனான். "இல்லை மச்சாள், அதாலதான்" எண்டு சிரிச்சனி. உனக்குக் கோவமே வராதா?

மூண்டு மாதத்துக்கு முந்தி எங்கட பாங்குக்குப் புது முகாமையாளர் வந்தவர். மாத அறிக்கையெல்லாம் இனிப் புள்ளிவிபரப் புரோகிராமிலதான் செய்ய வேணும், வீடியோக்களைப் பார்த்து எல்லாரும் படிச்சுக்கொள்ளுங்கோ எண்டிட்டார். புதுசாச் சேர்ந்த பிள்ளையள் டக்கெண்டு பிடிச்சிட்டினம். எனக்கு ஒரு இழவும் விளங்கேல்ல. பதினெட்டு வருசம் வேலை செய்தவள் போய் அந்தப் பிள்ளையளிட்டக் கேக்கவும் வெக்கமாக் கிடந்தது. ஒரு மத்தியானம் சாப்பாட்டு அறையில சோத்துப் பார்சலைப் பிரிச்சு வச்சுக்கொண்டு, காதில இயர்போனை மாட்டிக்கொண்டு, தமிழில ஏதும் இருக்கோ எண்டு தேடினன். முதலாவதா வந்தது நீ.

உன்ர முகம் இல்லை, கைதான். அந்தப் பூப்போட்ட மேசைவிரிப்பில உன்ர கை பேனையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கு. பின்னால குக்கர் கூவுது. துறைமுகத்தில கப்பல் ஊதுது. "பொறுங்கோ, கப்பல் ஊதி முடியட்டும்" எண்டு சொல்லிப்போட்டு நீ பேசாம இருக்கிறாய். அந்தப் பேசாம இருந்த நேரம் நான் சோத்துப் பார்சலைத் திரும்ப மடிச்சு வச்சிட்டன். மற்றவை பார்க்கினம் எண்டு தண்ணியைக் குடிச்சுக்கொண்டு இருந்தன்.

அண்டையில இருந்து ஒவ்வொரு மத்தியானமும் ஒண்டு. வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், எனக்கு விளங்கிச்சு. வெள்ளைக்காரன் சொல்லி விளங்காதது நீ சொல்ல விளங்கிச்சு. "இது வரேல்ல எண்டா பயப்பிடாதேங்கோ, எனக்கும் மூண்டு நாள் வரேல்ல" எண்டு நீ சொல்லுறதை எத்தினை தரம் திருப்பிக் கேட்டிருப்பன்! அப்பிடியே ஏழாவது வீடியோவுக்கு வந்து சேர்ந்தன்.

அதுதான் சராசரி. எங்கட அன்புவழிபுரத்துக்கு மோட்டச்சைக்கிளில பெட்டி கட்டிக்கொண்டு வாற மீன்கார நானாவிட்ட, இருபத்தெட்டு நாளுக்குக் கட்டா மீன் கிலோ என்ன விலை எண்டு கேட்டு அட்டவணை போட்டிருக்கிறாய். நானா கிண்ணியா முஸ்லிம் ஆள், வெள்ளிக்கிழமையில ஜும்மாவுக்குப் போறபடியா வாறேல்ல. எங்கட ஒழுங்கையில அது தெரியாத ஆள் இல்லை. அந்த நாலு வெள்ளிக்கிழமைக்கும் நீ பூச்சியம் எண்டு போட்டிருக்கிறாய். புரோகிராமுக்கு என்ன தெரியும்? அண்டைக்குக் கட்டாவைச் சும்மா குடுத்திருக்கினம் எண்டு நினைச்சு, அந்தப் பூச்சியங்களையும் சேர்த்து இருபத்தெட்டால பிரிச்சிட்டுது. ஆயிரத்து நானூறு வரவேண்டிய சராசரி ஆயிரத்து இருநூறு எண்டு நிக்குது.

விலை இல்லாத நாளின்ர கட்டத்தை வெறுமையா விட வேணும், அந்த நாளை விட்டிட்டுக் கணக்குப் பார் எண்டு புரோகிராமுக்குச் சொல்ல வேணும். விலை தெரியாது எண்டது வேற, விலை பூச்சியம் எண்டது வேற. பாங்கில இருக்கிற ஆருக்கும் கண்ணில குத்தும். எனக்கு அரை நிமிசத்தில குத்திச்சு. அந்த அரை நிமிசத்தைத்தானே ஜெனி நீ என்னட்டக் கேட்டனி?

அதோட விட்டியே? கடைசியில சொல்லுறாய்: "இதை என்ர மச்சாள் பார்த்துச் சரி எண்டவ. அவ பாங்கில பெரிய வேலை. அதால நீங்கள் நம்பிப் படிக்கலாம்." பெரிய வேலையாம்! ஐயோ, எனக்கு அந்த இடத்திலயே எழும்பி ஓட வேணும் போல இருந்தது.

கீழ ஒரு பிள்ளை கொமெண்ட் எழுதியிருக்கு. கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியில கருவாடு போடுற பர்ஸானா எண்ட பிள்ளை. "டீச்சர், நீங்க சொன்ன மாதிரித்தான் சராசரி எடுத்தேன். ஆனா அந்த விலைக்கு ஒரு நாளும் மீன் வாங்கக் கிடைக்கல்ல. எங்க பிழை?" அதுக்கு நீ எழுதின பதில்: "தங்கச்சி, இதை என்ர மச்சாள் பார்த்தவ, அவ பிழை விடமாட்டா. உங்கட இலக்கங்களை ஒருக்காச் சரிபாருங்கோ." அது உன்னைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சல் தொடங்க ஒரு கிழமைக்கு முந்தி எழுதினது.

முதல் எனக்கு வந்த புத்தி என்ன தெரியுமே? அந்த வீடியோவை எடுத்துவிட்டா ஒருதருக்கும் தெரியாமப் போயிடும் எண்டதுதான். உன்ர லப்டொப் உன்ர அண்ணாவிட்டத்தான் கிடக்கு. ஏதும் சாட்டுச் சொல்லி வாங்கலாம் எண்டு ரெண்டு கிழமை யோசிச்சுக்கொண்டு திரிஞ்சனான். அப்பத்தான் அவர் வந்து மலருக்கு எழுது எண்டவர். நீதானே எல்லாம் பார்த்துக் குடுத்தனி எண்டவர். அதுக்குப் பிறகு எனக்கு வீட்டில இருக்க ஏலாமப் போச்சு. அந்தப் பிள்ளைக்கு டீச்சர்ர மச்சாள் எண்டு மட்டும் எழுதி விலாசம் வாங்கி, சனிக்கிழமை காலமை கிண்ணியா பஸ் ஏறினன்.

பர்ஸானாவுக்கு ஒரு முப்பது வயசு இருக்கும். வளவுக்குள்ள வலை கட்டி, பிளந்த கட்டா காயப் போட்டிருந்தா. "டீச்சர்ர மச்சாளா? வாங்க வாங்க" எண்டு கதிரையைத் துடைச்சுப் போட்டுத் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்தா. "டீச்சர் ஏன் அக்கா இப்ப ஒண்டும் போடுறல்ல? கோவமா?"

அவவுக்குத் தெரியாது, ஜெனி. நீ இல்லை எண்டு நான்தான் சொல்ல வேண்டி வந்தது. கையில இருந்த தட்டை வச்சுப்போட்டு, வாய்க்குள்ள துஆ ஓதிக்கொண்டு அப்பிடியே குந்தினா. பிறகு நான் வந்த விசயத்தைச் சொன்னன். "அந்தக் கணக்கில பிழை இருக்கு, தங்கச்சி. நான் பார்த்தனான் எண்டு பொய் சொன்னனான். பார்க்கேல்ல."

"அந்தப் பூச்சியம்தானே அக்கா? நான் கண்டுபிடிச்சிட்டன்" எண்டா.

டவுனில ஒரு கடைக்குக் கருவாடு குடுக்க அந்தச் சராசரியை வச்சு விலை பேசியிருக்கிறா. ரெண்டு தரம் நட்டம். பிறகு உன்ர வீடியோவை மூண்டு நாள் நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்த்தவவாம். "வெள்ளிக்கிழமை எங்கட ஆக்கள் கடலுக்குப் போறல்லயே, அண்டைக்கு எப்பிடி விலை வரும் எண்டு யோசிச்சன், பிடிபட்டுட்டுது."

"அப்ப ஏன் எழுதேல்ல?" எண்டு கேட்டன்.

"டீச்சர் உங்களைப் பத்தி அப்பிடிப் பெருமையாச் சொல்லி இருந்தாங்களே அக்கா. அதை எப்பிடி நான் போய்க் கெடுக்கிற? மச்சாளும் மச்சாளும் சண்டை பிடிச்சிருவீங்க எண்டு விட்டுட்டன்." சொல்லிப்போட்டுச் சிரிச்சா. ஆரோ ஒரு பிள்ளை உன்ர வீடியோவை மூண்டு நாள் பார்த்திருக்கு. உன்ர மனம் நோகக்கூடாது எண்டு நட்டத்தையும் தாங்கிக்கொண்டு வாயை மூடியிருக்கு. நான், உன்ர சொந்த அண்ணன்ர மனுசி, அரை நிமிசம் பார்க்கேல்ல.

நட்டக் காசை நான் தாறன் எண்டன். "காசை விடுங்க. அதைத் திருத்திப் போடுங்க அக்கா, எனக்குப் பிறகும் படிக்க ஆக்கள் வருவாங்க" எண்டிட்டா. வெளிக்கிடேக்க கருவாட்டுப் பார்சல் ஒண்டும் கட்டித் தந்தா. அதையும் வாங்கிக்கொண்டு வந்தனான், வெக்கங்கெட்டவள்.

உன்ர அண்ணாவிட்ட அண்டைக்கே சொன்னனான். அவர் பேசுவார், கத்துவார் எண்டு நினைச்சன். "ஒண்டும் பார்க்கேல்லயா?" எண்டு மட்டும் கேட்டார். ஒண்டும் எண்டன். சாப்பிடாமலே துறைமுக வேலைக்கு வெளிக்கிட்டிட்டார். மூண்டு நாள் என்னோட கதையில்லை. நாலாம் நாள் உன்ர லப்டொப்பைக் கொண்டுவந்து எனக்கு முன்னால வச்சு, "திருத்து" எண்டார். மலருக்கு நான் எழுதத்தான் வேணுமோ எண்டு கேட்டன். "எழுது. நடந்ததை எழுது" எண்டார். அதுதான் இது.

ஏழாவது வீடியோவுக்குக் கீழ என்ர பெயரைப் போட்டு எழுதிட்டன்: பார்க்காமப் பார்த்தனான் எண்டு சொன்ன மச்சாள் நான்தான், பிழை பர்ஸானாவில இல்லை. நானாவிட்டத் திரும்ப விலை கேட்டு எழுதி, வெள்ளிக்கிழமைக் கட்டங்களை வெறுமையா விட்டு, உன்ர மேசையில இருந்து என்ர குரலில ஒரு வீடியோவும் எடுத்துப் போட்டன். நடுவில கப்பல் ஊதிச்சு. நானும் பேசாம இருந்தன்.

உனக்கு ஒரு வாக்குத் தாறன். மிச்ச இருபதையும் திரும்ப முதலில இருந்து பார்த்து, பிழை இருக்கிற இடமெல்லாம் திருத்துவன். அதில கேக்கிற பிள்ளையளுக்கு நான் பதில் எழுதுவன். தெரியாட்டித் தெரியாது எண்டு எழுதுவன்.

இன்னொண்டு கிடக்கு. உனக்குக் காய்ச்சல் வர ரெண்டு நாளைக்கு முந்தி இருபத்திரண்டாவதை எனக்கு அனுப்பினனி. "மச்சாள், பார்த்துச் சொல்லுங்கோ." ஒரு வருசமா என்ர போனில அது திறக்காமக் கிடந்தது. திறக்கப் பயத்தில இருந்தனான். நேற்றுத்தான் திறந்தன். கடன் வட்டியைப் பற்றினது.

பார்த்தனான், ஜெனி. முதலில இருந்து கடைசி மட்டும் பார்த்தனான். வெளிச்சம் நல்லாக் காணும். ஆனா நாலாவது நிமிசத்தில ஒரு பிழை இருக்கு. மாதம் ரெண்டு வீதம் எண்டா வருசத்துக்கு இருபத்திநாலு எண்டு சொல்லுறாய், வட்டிக்கு வட்டி ஏறினா அது இருபத்தாறைத் தாண்டும். அதைத் திருத்திப்போட்டுப் போடுறன்.

உன்ர மச்சாள்,
ஸ்ரெலா