வயரில்லாத டிஸ்க்கும் நாம் தட்டிய கதவும்

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் பிளாஸ்டிக் தீய்கிற வாசனை வந்தது. வீடு மாற்றுவதற்காகப் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்த என் கணவர், துணிகளுக்கு அடியில் கிடந்த, நீயும் நானும் படங்கள் சேர்த்துவைத்த பழைய டிஸ்க்கை எடுத்துச் சார்ஜில் போட்டிருக்கிறார். நான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்குவதற்குள் அதன் வயிறு புடைத்துவிட்டது. உள்ளே பேட்டரி ஊதிவிட்டதாம்.

"இன்னும் கொஞ்சம் வுட்டிருந்தா தீப்புடிச்சிருக்கும்" என்றவர், அதே மூச்சில் கேட்டார். "இதே மாதிரி வயர்லெஸ்ஸா புதுசு ஒண்ணு வாங்கிரலாமா? பாப்பா போட்டோவா சேந்து போன் ரொம்பிப் போச்சு."

அதற்கான பதிலை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

ஓசூர் மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில் நாம் இருந்த அறையை நினைத்துக்கொள்கிறேன். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும் சுவர். நீ விருதுநகர்ப் பக்கம், நான் நாகரசம்பட்டி. ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட். இருவரிடமும் கம்ப்யூட்டர் கிடையாது. உன் போன் நிறைந்துபோய் நாள்தோறும் எதையாவது அழிக்கச் சொல்லும். இறந்துபோன உன் அப்பா பேசிய வீடியோக்களை மட்டும் நீ தொடமாட்டாய். "அத அழிச்சா அவர ரெண்டாந்தடவ எரிச்ச மாதிரி புள்ள" என்பாய்.

அதற்காகத்தான் ஓசூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் அந்த டிஸ்க்கை வாங்கினோம். "வயர் வேணாம், கம்ப்யூட்டர் வேணாம். இதுவே ஒய்ஃபை குடுக்கும். நாலு பேர் நாலு போன்ல பாக்கலாம்" என்றார் கடைக்காரர். பொய் இல்லை. ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு, நீ உன் அப்பாவையும் நான் எங்கள் மாந்தோப்பையும் பார்த்த சாயங்காலங்கள் நன்றாகத்தான் இருந்தன. அந்த ஒய்ஃபைக்குப் பாஸ்வேர்டு என்று ஒன்று நாமே போட வேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

ஒரு காலையில் குழாயடியில் பக்கத்து அறைக்காரம்மா, கன்னடமும் தமிழும் கலந்து சிரித்தபடி சொன்னாள். "உங்க ஊரு மாந்தோப்பு ரொம்ப சென்னாகிதே, அழகா இருக்கு. கூட நிக்கிறது தங்கச்சியா? உன்ன மாதிரியே இருக்கா."

அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை. "நீங்க எங்க பாத்தீங்க?" என்றேன்.

"எங்க வீட்டுக்காரர் போன்ல. ஒய்ஃபைல வந்துச்சாம்."

குடம் நிரம்பி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றேன். குளித்துத் தலை துவட்டும்போது நீ விளையாட்டாக எடுத்த என் படமும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. அது வெளியே போனால், யாராவது எதையாவது சேர்த்து ஒட்டிப் பரப்பினால், என் அப்பா காதுக்கு எட்டினால், அன்றைக்கே வேலையை விட்டு வரச்சொல்வார். கம்பெனி பஸ்ஸில் எவன் போனைப் பார்த்துச் சிரித்தாலும் என் படமோ என்று எட்டி எட்டிப் பார்த்தேன். "பேசாம ரூம மாத்திக்கலாம்டி" என்று அழுதேன்.

"ரூம மாத்துனா படம் திரும்பி வந்துருமா? கேட்டுப்புடுவோம், வா" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து அறைக் கதவைத் தட்டினாய்.

நீ கேட்டதும் அந்தம்மாவின் கணவர் வெலவெலத்துப் போனார். "ஓசி ஒய்ஃபைன்னு நெனச்சிப் போட்டேங்க. நெட்டு வரல, போட்டோதான் வந்துச்சு."

"அடுத்தவுக போட்டோன்னு தெரிஞ்சதும் மூடிருக்கணும்ல? போனக் குடுங்க."

அவர் தயங்கினார். அவர் மனைவிதான் போனைப் பிடுங்கி உன்னிடம் கொடுத்தாள். நம் படங்கள் சில அதில் இறங்கியிருந்தன. தலை துவட்டும் படமும் இருந்தது. நீ ஒவ்வொன்றாக அழித்தாய்.

"வேற யாருக்காச்சும் அனுப்புனீகளா?"

"சத்தியமா இல்லீங்க."

அந்தச் சத்தியத்தை நம்புவதைத் தவிர நமக்கு வேறு வழி இருக்கவில்லை. கடைக்குப் போய்ப் பாஸ்வேர்டு போட்டுக்கொண்டு வந்தோம். ஆனால் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அந்தப் படத்தைப் பற்றித்தானோ என்றுதான் இன்றைக்கும் முதலில் நினைக்கிறேன்.

அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் கண்டது. "ஊருக்குப் போயி ஊசி போட்டுட்டு வெரசா வாரேன்" என்று பஸ் ஏறினாய். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துவிட்டதாக உன் தம்பி போனில் சொன்னான். அதற்குப் பிறகு அவன் பேசியபோது அழுகை மட்டும்தான் கேட்டது; நீ போய்விட்டாய். உன் பெட்டியை எடுக்க வந்தவன், அப்பா வீடியோக்களையும் உன் படங்களையும் போனில் ஏற்றிக்கொண்டு, டிஸ்க்கை என்னிடமே விட்டுப்போனான்.

புடைத்த டிஸ்க்கைத் துணியில் சுற்றி, வழியில் வெடித்துவிடுமோ என்று பயந்தபடியே ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். பேட்டரியைக் கழற்றி, உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கை மட்டும் வயர் வைத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினார்கள். டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. "போயிருக்கும்மா" என்றார் கடைக்காரர். உன்னை மறுபடி தூக்கிக் கொடுக்கப் போகிறோம் என்றே நினைத்தேன். அவர் இன்னொரு முறை கழற்றி மாட்டியதும், ஆட்டை அதட்டுகிற உன் அப்பாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது. பின்னால் நீ சிரித்தாய்.

கணவரிடம் சொல்லிவிட்டேன். வயர்லெஸ் வேண்டாம். வயர் வைத்ததாக இரண்டு வாங்கி, இரண்டிலும் அதே படங்களை ஏற்றி வைப்போம். "இப்பல்லாம் பாஸ்வேர்டோடயே வருதே" என்றார். வரட்டும். கம்ப்யூட்டர் இல்லாத அறையில் இரண்டு பெண்களுக்கு அது உதவிய பொருள்தான்; வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் பிள்ளையின் முகம், நான் கையால் செருகினால்தான் திறக்க வேண்டும். காற்றில் விட்டுவிட்டு என்னால் தூங்க முடியாது.

உன்னிடம் கேட்காமல் விட்டது ஒன்று உண்டு. அந்தக் கதவுக்கு நடந்தபோது உன் குரல் கொஞ்சமும் பிசகவில்லை. என்னைப் பிடித்திருந்த உள்ளங்கை மட்டும் நனைந்து ஜில்லிட்டிருந்தது. நீயும் பயந்துகொண்டுதான் இருந்தாய், இல்லையா? பயம் தீரட்டும், பிறகு பேசலாம் என்று நான் இப்போதெல்லாம் காத்திருப்பதில்லை. கை வியர்க்க வியர்க்கவே போய்க் கதவைத் தட்டிவிடுகிறேன்.