ஹில்டா எழுதிய கடைசி வரி

குனோங் ராபாட், ஈப்போ
21.3.1982

யேசு மரி சூசை துணை

என் ஆசைப் பேத்தி ஹில்டாவுக்கு உன் அப்பாயி அகதா எழுதுவது.

முதலில் நல்ல சேதி. உன் தம்பி யேசுதாசன் எஸ்.பி.எம். பரீட்சையில் முதல் கிரேடு எடுத்துவிட்டான். தங்கச்சி எல்ஸிக்கு நர்ஸ் வேலை நிரந்தரமாகிவிட்டது. சின்னவன் பெரியநாயகம் ஓட்டத்தில் பேரா மாநிலத்திலேயே இரண்டாவது. முதலில் வந்தவனுக்குக் கால் நீளமாம், அதனால் அது கணக்கில்லையாம். நீ பிரான்சில் மருந்துப் படிப்பு முடித்ததைக் கோயிலில் நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

அங்கே பிரியும்போது என்ன சொல்லி வாழ்த்துவார்கள் என்று நான் கேட்டதற்கு எழுதி அனுப்பினாய். ஜூன் மாதக் கல்யாணத்துக்கு அப்புறம் மாப்பிள்ளை ஆந்த்ரேயின் அம்மா இங்கே வந்தால் நான் ஊமை மாதிரி நிற்கக் கூடாதில்லையா? கஷ்டமான வேலைக்குப் போகிறவருக்கு ‘போன் குராஜ்’, பயணம் போகிறவருக்கு ‘போன் ரூத்’. சோறு வடிக்கும்போதே சொல்லிப் பழகுகிறேன். எஸ்டேட்டில் நான் ரப்பர் மரம் சீவின காலத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் கிராணி பேர் கூப்பிடுவார், பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். குராஜ் சொல்ல யார் இருந்தார்கள்?

இனி மற்ற விஷயம். மறுபடி பார்ப்போமோ என்னமோ, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று நினைக்கிறவருக்கு ‘போன் கொந்தினுவாசியோன்’ சொல்வார்கள் என்று எழுதியிருந்தாய். அதே உறையில் உங்கப்பன் சூசைநாதனுக்கு வைத்த கடுதாசியில் கடைசி வரியும் அதுதான். அவன் நீ எனக்கு எழுதின தாளை எடுத்து அர்த்தம் பார்த்துவிட்டான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கோபத்தில் எழுதினாயா என்று நான் கேட்கப் போவதில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்து நீ திரும்பினபோது, வெள்ளைக்காரனைக் கட்டப் போகிறாள் என்று உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்காமல் வீட்டுக்குப் பின்னால் போய் நின்றது அவன் தப்புதான். ஆனால் அந்த வரியை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

நேற்று அவன் மோட்டார் சைக்கிளைக் கழற்றிக்கொண்டிருந்தான். இந்தத் தாளை அங்கேயே கொண்டுபோய் நீட்டினேன். “சூசை, அன்னைக்குப் போடாத சிலுவையை இன்னைக்கு இதுல போடு. போடாம இது தபாலுக்குப் போகாது லா” என்றேன். கையெல்லாம் அழுக்கு என்றான். அழுக்கோடு போடு என்றேன்.

மேல் மூலையில் கறுப்பாக இருப்பது மை இல்லை, உங்கப்பன் கட்டைவிரலால் போட்ட சிலுவை. அதை நெற்றியில் வைத்துக்கொண்டு பதில் எழுத உட்கார். எனக்கு வேண்டாம், அவனுக்கே எழுது.

மாதா உன்னையும் ஆந்த்ரேயையும் காப்பாற்றட்டும். ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. நீ மட்டும் நிற்கிற படம் வேண்டாம் என்று உங்கப்பன்தான் எழுதச் சொன்னான்.

உன் அப்பாயி,
அகதா