நீயும் விளையாடிப் பார், அக்கா

தூத்துக்குடி
16-06-2024

அன்புள்ள தம்பி விஜயனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்கக் கை வரவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மா மட்டும் சாப்பாட்டு நேரத்தில் உன் தட்டையும் எடுத்து வைத்துவிட்டு, ஞாபகம் வந்ததும் திரும்ப அடுக்குகிறாள்.

மறுவாழ்வு இல்லத்தில் போன் கிடையாது, மூன்று மாதத்துக்குப் பார்க்க வரக்கூடாது, கடிதம் மட்டும் போடலாம் என்று நிர்வாகி அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். ஷிப்பிங் ஆபீசில் நாள் முழுக்கக் கன்டெய்னர் நம்பர் டைப் அடிக்கிற எனக்குக் கடிதம் எழுதும் பழக்கமே விட்டுப்போய்விட்டது. தப்பிருந்தால் சிரிக்காதே.

வண்டியில் ஏற்றும்போது நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ என்னைப் பார்த்து, "யக்கா, நேத்துதான் முடிச்சேன். இப்படி ஒரு கேம் நான் வெளையாடினதே இல்ல. நீயும் வெளையாடிப் பாரு" என்றாய். குடிகாரர்களைத் திருத்துகிற இடத்துக்குப் போகிறவன் பேசுகிற பேச்சா அது? பக்கத்து வீட்டு சுஜிதா இன்னமும் சொல்லிச் சிரிக்கிறாள்.

அப்பாவைத் தப்பாக நினைக்காதே. "படிச்சு முடிச்சும் அந்த டப்பா முன்னாடியே கெடக்கான். குடிச்சாத்தான் போதையா? கடைக்கு வாரவன் எல்லாம் கேக்கான்" என்று நாள் பூராவும் அதே பேச்சு. நீ ஆளாகித் திரும்புவாய் என்று உண்மையிலேயே நம்புகிறார்.

பிளேஸ்டேஷனை விற்கச் சொன்னார். நான் என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்குப் போனதும் உன் ஜப்பான் கேமைப் போட்டேன். முதல் காட்சியிலேயே கடல் வற்றிப் போகிறது. தரையில் சாய்ந்து கிடக்கும் கப்பல்களைப் பார்த்ததும் பயந்து அணைத்துவிட்டேன். அடுத்து என்ன செய்யவேண்டும், எழுது.

உன் அக்கா
அனுசியா


ஓட்டப்பிடாரம் தாண்டி, இல்லம்
30-06-2024

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை மனப்பாடம் ஆகும்வரை படித்தேன். அணைக்காதே, அக்கா. அந்தக் கப்பல்களைத் தாண்டி நட. அங்கே கிரி என்று ஒரு பெண் விளக்கோடு உட்கார்ந்திருப்பாள். அவள் பேசுவதை அவசரப்பட்டுத் தள்ளிவிடாதே. கடலைத் திரும்பக் கூட்டிவர நாலு பேர் கடலடித் தரையிலேயே நடந்து போகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் வழியில் தீ மூட்டிச் சோறு பொங்கி உட்கார்ந்து பேசுவார்கள் பார், அதுதான் கேமே. சண்டையில் தோற்றால் கவலைப்படாதே, அந்த நாலு பேரில் ஒருவனான தோபா கிழவனுக்கு நல்ல கவசம் வாங்கிக் கொடு.

அந்த உலகத்தில் ஒரு மிருகம் கிடையாது, பறவை கிடையாது. கடலோடு எல்லாம் போய்விட்டன. இவர்கள் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. முடிவைச் சொல்லமாட்டேன். முடித்த அன்றைக்கு வெகுநேரம் கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இங்கே மொட்டை அடித்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் மகாராஜா என்று சாத்தான்குளத்து லாரி டிரைவர். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது அவனுக்கு இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன். "ஏலே, அந்தப் புள்ள வெளக்கு அணைஞ்சுதா இல்லியா, சொல்லித் தொலைலே" என்று பிடுங்கி எடுக்கிறான்.

நிர்வாகி படித்துப் பார்த்துத்தான் கடிதங்களைத் தபாலில் போடுவார். அதனால் எழுத்து அழகாக இருக்கவேண்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.

உன் தம்பி
விஜயன்


தூத்துக்குடி
14-07-2024

அன்புள்ள விஜயனுக்கு,

உன் கடிதத்தில் உன் பெயருக்கு மேலே இரண்டு வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. நீ அடித்ததா? வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. அம்மாவிடம் காட்டவில்லை.

கேமில் இரண்டாவது கலங்கரை விளக்கம் வரை வந்துவிட்டேன். தோபா கிழவன் தன் மகனைப் பற்றிச் சொன்ன இடத்தில் அழுதேன். கேமுக்கு அழுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆபீசில் பில் அடிக்கும்போது கிரியின் பாட்டு வாயில் வருகிறது. நீ அந்த அறைக்குள் தனியாக என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. முன்னாலேயே பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கலாம்.

சாப்பாடு எப்படி? மகாராஜா நலமா? அவனையும் கேட்டதாகச் சொல்.

அக்கா
அனுசியா


28-07-2024

அக்கா,

இதைத் தபாலில் போடப்போவது இங்கே சமைக்கிற சீனித்தாய் அக்கா. முந்தானைக்குள் வைத்துக் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இதை யாரும் படிக்கவில்லை.

மகாராஜாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் அடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கதவைத் தட்டினான். நிர்வாகியும் இரண்டு பேரும் வந்து அவனைப் பின்னறைக்கு இழுத்துப் போனார்கள். அவன் கத்தியது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. பிறகு கேட்கவில்லை. விடிந்ததும், "மகாராஜா வீட்டுக்குப் போயிட்டான்" என்றார்கள்.

அவன் செருப்பு இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, அக்கா. சட்டை கொடியில் காய்கிறது. செருப்பும் சட்டையும் இல்லாமல் சாத்தான்குளம் வரை யார் போவார்?

நீ யாரையாவது அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வா. சொல்லாமல் வா. போன் மட்டும் பண்ணிவிடாதே. கடிதம் வெளியே போனது தெரிந்தால் சீனித்தாய் அக்காவை விடமாட்டார்கள், என்னையும் விடமாட்டார்கள்.

விஜயன்


தூத்துக்குடி
04-08-2024

அன்புள்ள விஜயனுக்கு,

இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல் எழுதுகிறேன். அப்பாவிடம் பேசினேன். நான் கையைப் பிடிப்பதற்குள் அவர் அங்கே போன் பண்ணிவிட்டார். நீ நன்றாக இருக்கிறாயாம். "புதுசா வந்தவனுவ வீட்டுக்குப் போகணும்னு இப்படித்தான் கத கட்டுவானுவ அண்ணாச்சி, நாங்க பாத்துக்கிடுதோம்" என்று அவர்கள் சிரித்ததாக அப்பா சொன்னார். அவருக்கு நிம்மதி. எனக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு நானே வந்தேன். உன்னிடம் சொன்னார்களா? கேட்டைத் திறக்கவில்லை. வாங்கி வந்த மக்ரூன் பொட்டலத்தை மட்டும் கம்பி வழியாக வாங்கிக்கொண்டார்கள். உனக்குக் கிடைத்ததா?

ஒரு வரி போதும். உன் கையால் உடனே எழுது.

அக்கா
அனுசியா


19-08-2024

மதிப்பிற்குரிய சகோதரிக்கு,

நான் இங்கு மிகவும் நலமாக உள்ளேன். உணவு, தங்குமிடம் யாவும் திருப்தி. இதற்கு முன் நான் எழுதியவை எனது மனக்குழப்பத்தால் எழுதப்பட்டவை. அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். எனது தவறுகளை உணர்ந்துவிட்டேன். பூரண குணமடைய மேலும் ஆறு மாதம் இங்கேயே தங்க விரும்புகிறேன் என்பதைத் தந்தையிடம் தெரிவிக்கவும். நேரில் வரவேண்டாம்.

இப்படிக்கு
ஆ. விஜயராஜ்


தூத்துக்குடி
25-08-2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்து மனசு குளிர்ந்தது. கையெழுத்து மாறியிருக்கிறதே, சர்டிபிகேட்டுப் பெயரைப் போட்டிருக்கிறானே என்று அம்மா கேட்டாள். அங்கே நல்ல பழக்கம் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றேன். ஆறு மாதத்துக்கு அப்பாவும் சரி என்றுவிட்டார். நீ குணமானால் போதும்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கடைசிக் கலங்கரை விளக்கத்துக்கு வந்துவிட்டேன். நீ உயிராக நேசித்தாயே, அந்தக் கறுப்பு நாய், அது இங்கே வந்து எங்களோடு சேர்ந்துகொண்டது. வாலை ஆட்டிக்கொண்டு கிரியின் பின்னாலேயே நடக்கிறது. அதைக் கோபுரத்துக்குள் கூட்டிப் போகலாமா, வாசலில் விட்டுவிட வேண்டுமா? நீ என்ன செய்தாய்? அதை மட்டும் எழுது, முடித்துவிடுகிறேன்.

அக்கா
அனுசியா


09-09-2024

மதிப்பிற்குரிய சகோதரிக்கு,

கடிதம் கிடைத்தது. நாய் வந்து சேர்ந்தது அறிந்து மகிழ்ச்சி. எனக்கும் அந்த நாயை மிகவும் பிடிக்கும். நான் அதை உள்ளே அழைத்துச் சென்றேன். தாங்களும் அவ்வாறே செய்யவும். எனினும் விளையாட்டுகளில் நேரத்தை வீணாக்காமல் இருப்பது நல்லது.

இப்படிக்கு
ஆ. விஜயராஜ்


தூத்துக்குடி
22-09-2024

என் தங்கத் தம்பிக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ வீட்டாட்கள் யாரையும் பார்க்கமாட்டேன் என்று சொன்னதாக நர்ஸ் கிளாடிஸ் வந்து சொன்னாள். கடிதம் கொடுத்தால் வாங்கிக்கொள்வாயாம். அதனால் நடந்ததை எல்லாம் எழுதுகிறேன்.

நாயைப் பற்றிய பதில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு கடைக்கே போனேன். அப்பா பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். படித்துக் காட்டினேன்.

"நாய்க்கும் இதுக்கும் என்னளா?" என்றார்.

"அந்தக் கேம்ல நாயே கெடையாதுப்பா. நான் பொய்யா எழுதினேன். நாய எனக்கும் பிடிக்கும்னு பதில் வருது."

அவர் தராசைக் கீழே வைத்தார். "அப்ப இத எவன் எழுதினான்?" என்று கேட்டார். பிறகு ஷட்டரை இழுத்துப் பூட்டினார். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம், அதிகாரிகளும் போலீசுமாக எங்களோடு வந்தார்கள். அவர்களைக் கண்டதும் அந்தக் கேட் திறந்தது.

பின்னறையில் உன்னைப் பார்த்தேன். உன் வலது கையைப் பார்த்தேன், விஜயா. விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருந்தன. இந்தக் கையால் எப்படி எழுதியிருப்பாய்? அப்பா உன் பெயரைச் சொன்னார். நீ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாய்.

மகாராஜாவைப் பற்றி நீ எழுதிய கடிதத்தை வைத்து, மறுநாள் போலீசார் இல்லத்துக்குப் பின்னால் உடைமரக் காட்டில் தோண்டினார்கள். மகாராஜாவின் அம்மா வடிவம்மாள் சாத்தான்குளத்திலிருந்து வந்து, மகனை அடையாளம் சொன்னாள். அவள் அழவில்லை. "எம்மவன்கூட கெடந்தவன் யாரு? அவன நான் பாக்கணும்" என்று மட்டும் சொன்னாள். சீனித்தாயைக் கடிதம் வெளியே போனது தெரிந்ததுமே அடித்து விரட்டியிருக்கிறார்கள். உயிரோடுதான் இருக்கிறாள். அவளும் சாட்சி சொல்லுவாள்.

நேற்று கேமை முடித்தேன். நீ இல்லாத வீட்டில் இருக்க முடியாமல்தான் போட்டேன். கடல் திரும்பி வந்தது. அவர்கள் நடந்த பாதை, தீ மூட்டின இடம் எல்லாவற்றையும் தண்ணீர் மூடிவிட்டது. நீ சொன்னது நிஜம். இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. அதைப் பற்றிப் பேச எனக்கு உன்னைத் தவிர வேறு ஆள் கிடையாது.

இன்னொன்றையும் மறைக்கமாட்டேன். போலீசில் எழுதிக்கொடுத்தபோது அப்பா, தான் இல்லத்துக்குப் போன் பண்ணியதைச் சொல்லவில்லை. என்னையும் சொல்லவிடவில்லை. "அதச் சொன்னா ஊரு என்னத்தான் காறித் துப்பும்" என்கிறார். ஆனாலும் தினமும் இந்த வார்டு வாசலில் ஃபிளாஸ்கோடு வந்து நிற்கிறார். ஒரு தடவை பார்க்கலாகாதா?

உன் அக்கா
அனுசியா


சாத்தான்குளம்
13-10-2024

அன்பு அக்காவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோணல் மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் நேராக இங்கே வந்துவிட்டேன். வடிவம்மாள் அத்தை வீட்டில் இருக்கிறேன். அவன் கடைசியாக என்ன பேசினான், என்ன தின்றான் என்று தினமும் கேட்கிறார்கள். கேமின் கதையையும் சொல்லச் சொன்னார்கள். முழுவதும் சொன்னேன்.

நீ முடித்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். தோபா கிழவன் கடைசியில் கரையில் நின்றானா, படகில் ஏறினானா? நான் விளையாடியபோது ஏறினான். நேரில் பேசுவோம்.

நீ அப்பாவிடம் ஏன் சொன்னாய் என்று நான் கேட்கமாட்டேன். தனியாக உன்னால் வேறு என்ன செய்திருக்க முடியும்? ஆனால் அன்றைக்கு நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அப்பாவின் போன் வந்து கொஞ்ச நேரத்தில் நிர்வாகி எங்கள் அறைக்கு வந்தான். கோபமே இல்லை. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒங்க அப்பா பேசினாரு. லெட்டர் போட்டியாமே. எந்தக் கையிலலே எழுதின?" என்று கேட்டான்.

நான் காட்டினேன், அக்கா. ஏதோ காரணத்துக்குக் கேட்கிறான் என்று நினைத்துக் காட்டிவிட்டேன்.

மகாராஜா வீட்டுக்குப் போனதாகவும், வழியில் செத்தவனை வேறு யாரோ காட்டில் புதைத்ததாகவும் அவர்கள் வக்கீல் சொல்லுகிறார். கடிதம் என்று ஒன்று வெளியே போனதே தங்களுக்குத் தெரியாதாம். என் கையைக் குளியலறையில் வழுக்கி விழுந்து நானே உடைத்துக்கொண்டேனாம். அன்றைக்கு அவர்களிடம் போனில் பேசிய ஆள் ஒருவர்தான். அவர் வாயைத் திறக்காமல் இருக்கிறார்.

அப்பாவிடம் சொல். என்னை அங்கே சேர்த்ததற்கு நான் கணக்குக் கேட்கவில்லை. கோர்ட்டில் வடிவம்மாள் அத்தை முன்னால் நின்று, "நான்தான் போன் பண்ணினேன், கடிதத்தைப் பற்றி நான்தான் சொன்னேன்" என்று அவர் சொல்லட்டும். சொன்ன அன்றைக்கு அவர் பைக்கிலேயே ஏறி வீட்டுக்கு வருகிறேன். அம்மாவை என் தட்டை எடுத்து வைக்கச் சொல், நான் வந்து சாப்பிடுகிறேன்.

அவர் சொல்லமாட்டார் என்றால், நீ மட்டும் வா. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டிரைவர் மகாராஜா வீடு எது என்று கேள். யாரும் காட்டுவார்கள்.

உன் தம்பி
விஜயன்